கண் இமைக்கும் நேரத்தில் விழுங்குவது

கண் இமைக்கும் நேரத்தில் விழுங்குவது (4)

மேலே உள்ள வரி மருத்துவ அறிவுரை அன்று. ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு. அடைப்புக்குறிக்குள் உள்ள எண், விடைச் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்பதைச் சொல்கிறது. ஒரே மூச்சில் படித்தால், யாரோ அவசரமாக எதையோ விழுங்கும் காட்சிதான் மனத்தில் எழும். அந்தக் காட்சியைத் தள்ளிவிட்டு, வரியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கண் இமைக்கும் நேரத்துக்குத் தமிழ் இலக்கணத்தில் ஒரு பெயர் உண்டு. குறில் எழுத்து ஒலிக்க எடுத்துக்கொள்ளும் கால அளவும் அதுவே. ‘விழுங்குவது’ என்ற இரண்டாம் பாதியை மருத்துவமனைக்கு வந்துபோகும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடை: மாத்திரை. மா, த், தி, ரை என நான்கு எழுத்துகள்.

விடை தெரிந்தவுடன் சிலர் புன்னகைப்பார்கள்; சிலர் ‘இப்படியெல்லாம் ஏமாற்றலாமா?’ என்று கேட்பார்கள். இரண்டுமே நியாயமானவை. இவ்வகைப் புதிரின் இன்பமும் எரிச்சலும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

மருத்துவமனைச் செய்திமடலில் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. மருத்துவமனையில் நோயாளியும் உடனிருப்பவரும் செலவிடும் நேரத்தின் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கழிகிறது. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறோம். மருத்துவர் வரும் வேளைக்காகக் காத்திருக்கிறோம். சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து தீர்வதற்கும், இரவு விடிவதற்கும் அதே காத்திருப்புதான். அந்த நேரத்தைக் கைப்பேசித் திரை விழுங்கலாம், கவலையும் விழுங்கலாம். ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் வேறொரு வழியைத் திறக்கும்.

குறிப்பின் இரு முகங்கள்

சாதாரணக் குறுக்கெழுத்தில் ‘நான்மாடக்கூடல் எனப்படும் நகரம்’ என்று கேட்டால் ‘மதுரை’ என்று எழுதுவோம். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது. மறைபொருள் குறுக்கெழுத்து அப்படியன்று. அதன் ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு பகுதி விடைச் சொல்லின் நேர்ப்பொருள். மற்றொரு பகுதி அச்சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ இறுதியிலோ இருக்கும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து சந்திக்க வேண்டும். சந்தித்துவிட்டால், விடை சரிதானா என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை.

சில வகைகளைப் பார்ப்போம்.

‘கவி திரும்பினான், உள்ளே ஊழ் (2)’. ‘திரும்பினான்’ என்பதைக் கண்டு பலர் ‘கவி’யைத் தலைகீழாக்கிப் பார்ப்பார்கள். அது பொய் வழி. ‘உள்ளே’ என்ற சொல்தான் வழிகாட்டி. ‘கவி திரும்பினான்’ என்ற தொடருக்குள்ளேயே, முதற்சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்த சொல்லின் முதல் எழுத்தும் சேர்ந்து ‘விதி’ ஒளிந்திருக்கிறது. ஊழ் என்றால் விதி.

‘குழம்பிய நகரம், பாவிகள் சேருமிடம் (4)’. எழுத்துகளை இடம் மாற்றச் சொல்கிறது ‘குழம்பிய’ என்ற சொல். நகரத்தின் நான்கு எழுத்துகளில் இரண்டை இடம் மாற்றினால் நரகம்.

‘தலை போன கவலை மீன் பிடிக்க உதவும் (2)’. கவலையின் முதல் எழுத்தை நீக்கினால் வலை.

‘தேர் நடுவே ஒற்று மிக, உடலெங்கும் ஓடுவது (5)’. தேருக்கு மற்றொரு பெயர் இரதம். அதன் நட்டநடுவில் ‘த்’ என்னும் ஒற்றைச் சேர்த்தால் இரத்தம்.

‘ஆங்கிலேயர் தந்த பட்டம் ஆற்றோரம் சேர, இரத்தத்தில் கூடக் கூடாதது (5)’. பட்டம் ‘சர்’, ஆற்றோரம் ‘கரை’. இடையில் ஓர் ஒற்று மிகுந்தால் சர்க்கரை. என்னிடம் நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுவோர் இந்தக் குறிப்பைப் படித்துச் சிரிப்பதில்லை, பெருமூச்சுதான் விடுகிறார்கள்!

முன்னோர் ஆடிய ஆட்டம்

இது மேலைநாட்டிலிருந்து வந்த விளையாட்டு என்று நினைக்கிறோம். கட்டம் அங்கிருந்து வந்ததுதான். சொல்லுக்குள் சொல்லை ஒளிக்கும் கலை இங்கேயே இருந்தது. தொல்காப்பியம் ‘பிசி’ என்று விடுகதையைச் செய்யுள் வகைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரக்கவி வகைகளைப் பாருங்கள். எழுத்து வருத்தனம் என்பது ஒரு சொல்லோடு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் புதுப்பொருள் காண்பது. அக்கரச்சுதகம் என்பது அதற்கு எதிராக எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போவது. வினாவுத்தரத்தில் பல வினாக்களின் விடைகள் ஒன்றுசேர்ந்து ஒரு சொல்லாகும். கரந்துறைப் பாட்டில் ஒரு செய்யுளுக்குள் வேறொரு செய்யுளின் எழுத்துகள் ஒளிந்திருக்கும். மாலைமாற்று இருபுறமிருந்தும் ஒன்றாகவே படிக்கப்படுவது. திருஞானசம்பந்தர் அம்முறையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். காளமேகப் புலவரின் சிலேடைகளை அறியாத தமிழாசிரியர் இருக்க முடியாது.

மேலே நாம் பார்த்த ‘கவலை’க்கும் ‘இரத’த்துக்கும் நடந்தவை அக்கரச்சுதகமும் எழுத்து வருத்தனமும்தாம். பெயர்கள் பழையவை, இன்பம் ஒன்றே.

கட்டம் போட்ட முதல் குறுக்கெழுத்து 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் வெளிவந்தது. அமைத்தவர் ஆர்தர் வின். பொருளை மறைத்துச் சொல்லும் வகை 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. எட்வர்டு போவிஸ் மேதர்ஸ் ‘டார்கிமாடா’ என்ற புனைபெயரில் ‘அப்சர்வர்’ இதழில் முழுவதும் மறைபொருள் குறிப்புகளாலான புதிர்களை அமைத்தார். அவருக்குப் பின் வந்த மக்நட் என்னும் பள்ளி ஆசிரியர் ‘சிமினீஸ்’ என்ற புனைபெயரில் 1966இல் ஒரு நூல் எழுதி விதிகளை வகுத்தார். குறிப்பில் துல்லியமான நேர்ப்பொருள் இருக்க வேண்டும். நேர்மையான சொல்விளையாட்டு இருக்க வேண்டும். இவ்விரண்டைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது என்பதே அவற்றின் சாரம்.

தமிழகத்தில் 1930களில் ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி வாசகர்களைப் பெரிதும் ஈர்த்தது. மறைபொருள் வகையைத் தமிழுக்கு ஏற்ப அமைத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் வாஞ்சிநாதன். கலிபோர்னியாவிலிருந்து வெளிவரும் ‘தென்றல்’ மாத இதழில் அவருடைய புதிர்கள் பல ஆண்டுகளாக வந்துள்ளன. ‘உதிரிவெடி’ என்ற பெயரில் ஒற்றைக் குறிப்புகளையும் அவர் தந்திருக்கிறார்.

பாவும் ஊடையும்

ஆரணி வாசகர்களுக்குக் கட்டத்தை விளக்குவது எளிது. பட்டுப் புடவையின் புட்டாவும் கரையும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு கட்டமும் பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஓர் இடம். எந்தக் கட்டம் நிரம்பியது, எது காலி என்பதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. ஓர் அட்டையில் ஒரு துளை தவறினாலும் புட்டாவில் அது தெரிந்துவிடும்.

எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் முதிய நெசவாளர் ஒருவர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். தறியில் ஓயாமல் இயங்கிய கைக்கு அது எளிய தண்டனை அன்று. அவருடைய மகளிடம் நான் சில குறிப்புகளை எழுதிக்கொடுத்தேன். அவற்றுள் ஒன்று: ‘அனுபவித்து, ஆரணியார் நெய்வது (3)’. மகள் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்த பெரியவர் திறக்காமலே சொன்னார்: “பட்டும்மா. பட்டவனுக்குத்தானே தெரியும்.” சற்று நேரம் கழித்து மகள் கட்டத்தைக் காட்டியபோது, “இது நம்ம டிசைன் தாள் மாதிரியே இருக்குதே” என்றாராம்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. குறுக்காகச் செல்லும் சொல் ஊடை. நெடுக்காக இறங்கும் சொல் பாவு. ஒன்று தரும் எழுத்தை மற்றொன்று ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் இரண்டில் ஒன்று தவறு.

தமிழ்க் கட்டத்தில் தீர்ப்பவருக்கு மொழியே சில உதவிகளைச் செய்கிறது. நம் எழுத்துகள் 247. ஆனால் எல்லா எழுத்தும் எல்லா இடத்திலும் வாரா. மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. டகரம், றகரம், ளகரம் போன்றவை தூய தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் சொல்லின் இறுதியில் நில்லா. உயிரெழுத்து சொல்லின் நடுவே வருவது மிக அரிது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த இந்த விதிகள், பென்சிலோடு உட்காரும்போது கைவிளக்காகின்றன.

எரிச்சலுக்கும் இடம் உண்டு

இனி எரிச்சல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது, விடை நாக்கின் நுனியில் நின்றுகொண்டு வெளியே வராத நிலை. இரண்டாவது, தவறான விடையை உறுதியாக எழுதிவிட்டு, அதையொட்டி மற்ற மூன்று சொற்களையும் கெடுத்துக்கொள்வது. மூன்றாவது, ஒரு மணி நேரம் போராடியவரின் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, ஒரே நொடியில் விடையைச் சொல்லிவிடும் உறவினர். இவருக்கு எந்த மருத்துவத்திலும் மருந்தில்லை!

நான்காவது எரிச்சல் நியாயமற்ற குறிப்பு. நேர்ப்பொருள் பொருந்தாமல், வழக்கில் இல்லாத சொல்லைத் தேடிப் பிடித்துத் தீர்ப்பவரைத் தோற்கடிக்க வேண்டும் என்றே எழுதப்பட்டது. நல்ல புதிர் அமைப்பாளரின் நோக்கம் வேறு. அவர் உங்களைச் சற்று நேரம் திசைதிருப்புவார். ஆனால் கடைசியில் நீங்கள் வெல்ல வேண்டும் என்றே விரும்புவார். அவர் மறைப்பது, நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இரண்டாம் எரிச்சலுக்கு மட்டும் மருத்துவனாக ஒரு மருந்து சொல்வேன்: பென்சிலால் எழுதுங்கள். நோயறிதலிலும் நாங்கள் அதையே செய்ய முயல்கிறோம். காய்ச்சலும் உடல்வலியும் ஒரு விடையைச் சொல்லும். குறுக்கே வரும் இரத்தப் பரிசோதனை ‘இந்த எழுத்து பொருந்தாது’ என்று சொல்லும். முதல் விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அழிக்க வேண்டியதுதான். ‘நேற்று ஒன்று சொன்னார், இன்று வேறொன்று சொல்கிறாரே’ என்று மருத்துவரைப் பற்றி உங்களுக்குத் தோன்றும்போது, குறுக்கே புதிய எழுத்து ஏதேனும் வந்ததா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விளக்க எங்களுக்குக் கடமை உண்டு.

‘ஆகா’ என்னும் நொடி

விடை திடீரென்று மின்னலாகத் தோன்றுவதை எல்லாரும் அறிவோம். அந்த நொடியில் மூளையில் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் மார்க் பீமன், ஜான் கூனியோஸ் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் ஆராய்ந்தார்கள். சொற்புதிர்களுக்கு விடை திடீரெனத் தோன்றியபோது, வலப்பக்கப் பொட்டு மடலின் முன்பகுதியில் செயற்பாடு கூடியது. தீர்ப்பவர் விடையை அறிவிப்பதற்கு ஏறத்தாழ 0.3 நொடிக்கு முன் அங்கே உயர் அதிர்வெண் மின்னலைகள் எழுந்தன. தொலைவில் கிடக்கும் சொற்பொருள்களை இணைக்கும் வேலையில் அப்பகுதிக்குப் பங்கு உண்டு. ‘கண் இமைக்கும் நேரம்’ என்றதும் இலக்கண வகுப்பையும் மருந்துக் கடையையும் ஒன்றாக நினைப்பது இத்தகைய இணைப்புதான்.

அனுபவத்தில் கண்ட ஒன்று: முட்டி மோதும்போது வராத விடை, புதிரை மூடிவைத்துவிட்டுத் தேநீர் அருந்தும்போது வருகிறது. தவறான வழியை மனம் கைவிட வேண்டும். அதற்குச் சற்று இடைவெளி தேவை. நோயாளிகளுக்கு இது நல்ல செய்தி. களைத்தால் நிறுத்திவிடலாம், நாளைக்கும் அதே குறிப்பு அங்கேயே இருக்கும்.

மறதி வராமல் தடுக்குமா?

உடனிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நேர்மையாக விடை சொல்ல வேண்டும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 488 முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுள் 101 பேருக்கு மறதி நோய் வந்தது. குறுக்கெழுத்து போடும் வழக்கம் உடையவர்களுக்கு நினைவாற்றலின் விரைவான சரிவு சராசரியாக 2.54 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியது என்று 2011இல் அறிவித்தார்கள். 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், லேசான அறிவாற்றல் குறைபாடு உடைய 107 பேர் கலந்துகொண்டனர். 78 வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, கணினி விளையாட்டுகளில் பயிற்சி பெற்றவர்களைவிடக் குறுக்கெழுத்து போட்டவர்கள் சற்று நல்ல நிலையில் இருந்தனர்.

மறுபக்கமும் உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் 1936இல் பிறந்த 498 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. புதிர்களில் ஈடுபடுவோரின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே உயர்ந்த நிலையில் இருந்தது. ஆனால் வயது ஏற ஏறச் சரியும் வேகம் அவர்களுக்குக் குறையவில்லை என்று அது கண்டது. மேலும், இவ்வாய்வுகள் தமிழ் மறைபொருள் புதிர்களைப் பற்றியவை அல்ல.

ஆகவே, குறுக்கெழுத்து மருந்தன்று. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, புகையிலையைக் கைவிடுவது, நாள்தோறும் நடப்பது, செவித்திறன் குறைந்தால் கருவி பொருத்திக்கொள்வது ஆகியவற்றின் இடத்தை அது பிடிக்க முடியாது. இன்பத்துக்காகச் செய்யுங்கள், கூடுதல் நன்மை வந்தால் வரட்டும்.

மறதி நோய் உள்ளவரிடம் புதிரைத் தேர்வுத்தாளாக நீட்டாதீர்கள். ‘இதுகூடத் தெரியவில்லையா அப்பா?’ என்ற ஒரு கேள்வி அவரை நாள் முழுவதும் மௌனமாக்கிவிடும். அவருக்குத் தெரிந்த பழமொழியின் பின்பாதி, சிறுவயது விடுகதை, ஊர்ப்பெயர் என்று எளியவற்றைச் சேர்ந்தே சொல்லிப் பாருங்கள். வெற்றி தோல்வி வேண்டாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தவர்களுக்கும் சில காலம் சொற்கள் தடுமாறலாம், கவனம் சிதறலாம். அதைத் திறமைக் குறைவாகக் கருத வேண்டாம். தொடர்ந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

சொல் நாக்கு நுனியில் நிற்பது வேறு, நோய் வேறு. இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது உயிர் காக்கும். திடீரெனப் பேச்சுக் குழறினால், எளிய சொற்களும் வராமல் போனால், பிறர் பேசுவது புரியாமல் போனால், முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கையோ காலோ தளர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ‘சற்றுப் படுத்தால் சரியாகும்’ என்று காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நன்மை. அறிகுறிகள் தாமாகவே மறைந்துவிட்டாலும் அன்றே வந்து காட்டுங்கள்.

கட்டத்தில் எழுதிய செய்தி

ஜான் கிரகாம் என்பவர் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். ‘அராகேரியா’ என்ற புனைபெயரில் ‘கார்டியன்’ நாளிதழுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் குறுக்கெழுத்து அமைத்தார். 2013ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த அவருடைய புதிர் ஒன்றில் சில கட்டங்களை நிரப்பிய வாசகர்களுக்கு ஒரு செய்தி கிடைத்தது. அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். நோய்த் தணிப்பு ஆதரவு சிகிச்சை பெற்றுவருகிறார். அப்போது அவருக்கு வயது 91. தம் நோயை, தாம் வாழ்நாள் முழுவதும் பேசிய மொழியில், தம் வாசகர்களிடம் தாமே சொன்னார். அவ்வாண்டு நவம்பரில் காலமானார்.

அந்தப் புதிரை நான் நினைக்கும்போதெல்லாம் நம் ஊர் வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆலோசனை அறைக்கு வெளியே மகனோ மருமகளோ என்னைத் தனியே அழைத்து, “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்” என்பார்கள். அது அன்பிலிருந்து வரும் சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உள்ளே படுத்திருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? குறிப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறார். மடித்து மறைக்கப்படும் பரிசோதனை அறிக்கை ஒரு குறிப்பு. தாம் உள்ளே வந்ததும் நின்றுபோகும் பேச்சு ஒரு குறிப்பு. வெளியூரிலிருந்து திடீரென்று வந்து நிற்கும் தங்கை ஒரு குறிப்பு. மருத்துவமனைப் பெயர்ப்பலகையில் உள்ள துறையின் பெயர் ஒரு குறிப்பு. குறுக்கும் நெடுக்குமாக எழுத்துகள் விழ விழ, விடையை அவர் எப்போதோ கண்டுபிடித்திருப்பார். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்ல முடியாமல், நமக்காக, தெரியாதவர்போல் இருப்பார்.

புதிர் இன்பம் தருவதற்குக் காரணம், அமைத்தவர் நாம் விடை காண வேண்டும் என்று விரும்புவது. விடை காணக் கூடாது என்று விரும்பி மறைக்கும்போது இன்பம் போய்விடுகிறது. தனிமை மட்டும் மிஞ்சுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘உங்களுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?’ என்று நோயாளியிடமே கேட்கலாம். வேண்டாம் என்றால் அதை மதிக்கலாம். வேண்டும் என்றால், அவர் தாங்கும் அளவில், ஓர் எழுத்துக்குப் பின் மற்றோர் எழுத்தாகச் சொல்லலாம். சொல்வது எப்படி என்று தயங்கும் குடும்பத்தினர் எங்களை அழையுங்கள், உடனிருந்து சொல்வோம். கிரகாமுக்குக் கிடைத்த உரிமை, தம் செய்தியைத் தாமே தம் வழியில் சொல்லும் உரிமை, ஆரணியில் உள்ளவருக்கும் உண்டு.

நீங்களே முயலுங்கள்

கீழே ஐந்து குறிப்புகள். தனியே முயலலாம், பக்கத்துப் படுக்கைக்காரரோடு சேர்ந்தும் முயலலாம். ஒரே அமர்வில் முடிக்க வேண்டும் என்பதில்லை. உடனிருப்பவருக்கு விடை முதலில் தெரிந்தால், விடையைச் சொல்லாமல் ஓர் எழுத்தை மட்டும் சொல்லுங்கள்.

1. தோலில் முளைத்ததும் பாக்கின் சுவையும் சேர்ந்தால் நோயாளியைப் பார்க்க வருபவர் (6)

2. முதல் மாறிய விருந்து, வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டியது (4)

3. கடையை இழந்த வலிமையின் மிச்சம் நோவு (2)

4. புண் பட்ட உடல் ரசத்தில் மணக்கும் (3)

5. பெண், வெட்டுப்பட்ட இடத்தை மூடுவது (3)

விடைகள் இதன் கீழேயே உள்ளன. பார்க்க விருப்பமில்லாதவர்கள் உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

விடைகள்: 1. மருத்துவர் (மரு, துவர், இடையில் ஒற்று மிகுந்தது). 2. மருந்து (விருந்தின் முதல் எழுத்து மாறியது, விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி, ஆனால் உங்கள் மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை உட்கொள்ளுங்கள்). 3. வலி (வலிமையின் கடைசி எழுத்து நீங்கியது). 4. காயம் (புண், உடல், பெருங்காயம் என மூன்று பொருள்). 5. தையல் (பெண்ணுக்கு இலக்கியப் பெயர்; அறுவைக்குப் பின் இடுவது).